வைத்த இடத்தின் வாசம்

ஹாங்காங்கில் தொழில் புரியும் உறவினர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். வழக்கமான அன்பளிப்புகளுடன், மெல்லிய வெண்தாளில் சுற்றப்பட்ட ஒரு வட்டையும் உங்கள் கையில் கொடுக்கிறார். ஏறத்தாழ ஒரு சாண் அகலம். ஒரு விரலுக்கு மேற்பட்ட தடிப்பு. தாளைப் பிரித்தால், இலைகளை ஒன்றோடொன்று இறுக அழுத்திச் செய்த கரும்பழுப்பு வில்லை ஒன்று இருக்கிறது. "தேயிலைதான், இருபது ஆண்டுப் பழையது" என்கிறார் அவர்.

வீட்டில் இருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். டப்பாவில் ஓராண்டு கிடந்த தேயிலையே மணம் குன்றிவிடுவதைக் கண்டு பழகியவர்கள் நாம். இருபது ஆண்டுக்கு முந்திய இலையை எவர் குடிப்பார்?

குடிப்போர் இருக்கின்றனர், அதற்காகப் பெரும்பொருள் கொடுப்போரும் இருக்கின்றனர். அதன் பெயர் பூஅர் தேயிலை. வைக்க வைக்கச் சுவை கூடும் என்பது அதைப் பற்றி உலகெங்கும் உள்ள பேச்சு. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. ஆண்டுகள் கழிவதனால் மட்டும் இத்தேயிலை சிறந்துவிடுவதில்லை. அது எங்கே, எத்தகைய காற்றில், எதனருகே வைக்கப்பட்டிருந்தது என்பதே அதன் சுவையைத் தீர்மானிக்கிறது. அன்பு வாசகர்களே, தேநீர்ப் பிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். உண்பொருளின் தூய்மையும் வணிகத்தின் நேர்மையும் இதனுள் பின்னிக் கிடக்கின்றன.

பிறந்த மண்ணும் சுமந்த மக்களும்

சீனாவின் தென்மேற்கு மூலையில், மியான்மர், லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகளை ஒட்டி அமைந்த மலைநாடு யூனான் மாநிலம். அங்குள்ள பழைய சந்தை ஊரான பூஅரின் பெயரையே இத்தேயிலை தாங்கி நிற்கிறது. சுற்றுப்புற மலைகளில் விளைந்த இலை அங்கு வந்து கூடி, அங்கிருந்து திசையெங்கும் சென்றதனால் ஏற்பட்ட பெயர் இது. அப்பகுதியிலுள்ள ஜிங்மாய் மலையின் தொன்மையான தேயிலைக் காடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2023-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முஸ்லிம் உலகுக்குத் தேயிலை நேற்று வந்த செய்தியன்று. வணிகர் சுலைமானின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அரபுப் பயண நூல் ஹிஜ்ரி 237-இல், அதாவது கி.பி. 851-இல் எழுதப்பட்டது. சீன மக்கள் ஒருவகைக் கசப்பு இலையைக் கொதிநீரில் இட்டுப் பருகுவதையும், அது நகரந்தோறும் நல்ல விலைக்கு விற்கப்படுவதையும், அதனால் அரசனுக்குப் பெரும் வருவாய் கிடைப்பதையும் அந்நூல் குறித்து வைத்திருக்கிறது.

யூனானுக்கும் இஸ்லாத்திற்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. புகாராவைச் சேர்ந்த சையித் அஜல் ஷம்சுத்தீன் உமர் அவர்களை 1274-ஆம் ஆண்டு குப்லாய்கான் யூனானின் ஆளுநராக நியமித்தார். 1279-இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்த அவர், குன்மிங் நகரில் நீர்ப்பாசனப் பணிகளை மேற்கொண்டதற்காக இன்றளவும் நினைக்கப்படுகிறார். அக்காலந்தொட்டு அம்மண்ணில் வேரூன்றிய ஹுயி முஸ்லிம்கள், பிற்காலத்தில் மலைப்பாதை வணிகத்தில் பெயர் பெற்றனர். குதிரைகளின் மீதும் கோவேறு கழுதைகளின் மீதும் சரக்கேற்றிப் பர்மா வரையிலும் சென்று வந்த சாத்துகளில் அவர்கள் முன்னணியில் இருந்தனர். பர்மியர் அவர்களைப் பன்தே என்று அழைத்தனர். மாண்டலே நகரில் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் 1868-ஆம் ஆண்டினது.

தேயிலையை வில்லையாக அழுத்தும் வழக்கம் இத்தகைய பயணங்களுக்கு மிகவும் பொருந்தி வந்தது. பொதியில் இடம் அடைக்காது, எளிதில் நொறுங்காது. இன்று வழக்கிலுள்ள வில்லை 357 கிராம் எடையுள்ளது. ஏழு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூங்கில் மடலால் சுற்றிக் கட்டுகின்றனர். அக்கட்டு இரண்டரைக் கிலோ நிற்கும். மழையும் பனிமூட்டமும் வெயிலும் மாறி மாறித் தாக்க, மாதக்கணக்கில் விலங்கின் முதுகில் சென்ற இலை, புறப்பட்ட நிலையிலேயே போய்ச் சேர்வதில்லை. வழியிலேயே அதன் நிறமும் குணமும் மாறத் தொடங்கிவிடும். அவ்வாறு மாறிய சுவைக்கே தொலைவில் இருந்தோர் பழகினர்.

பச்சையும் பழுப்பும்

பூஅர் தேயிலையில் இருவகை உண்டு. முதல்வகை 'ஷெங்' எனப்படும் பச்சை வகை. பறித்த இலையை இரும்புச் சட்டியில் மிதமாக வாட்டி, கையால் உருட்டி, வெயிலில் உலர்த்துகின்றனர். பின் ஆவியில் இளக்கி அழுத்தி வில்லையாக்குகின்றனர். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கருந்தேயிலையைப் போல இறுதியில் கடும் சூட்டில் உலர்த்தி முடிப்பதில்லை. அதனால் இலையின் மாற்றம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. வைத்த இடத்தில் அது மெல்ல மெல்லத் தொடர்கிறது. புதிய ஷெங் கசப்பும் துவர்ப்பும் மிக்கது. வெறும் வயிற்றுக்கு ஒவ்வாதது.

இரண்டாவது வகை 'ஷோ' எனப்படும் பக்குவ வகை. பல ஆண்டு காத்திருக்க இயலாதோருக்காக 1973-ஆம் ஆண்டு குன்மிங் தேயிலைத் தொழிற்கூடத்தில் இம்முறை வகுக்கப்பட்டது. இலையைப் பெருங்குவியலாகக் கொட்டி, நீர் தெளித்து, மூடி வைக்கின்றனர். குவியலின் உள்ளே வெப்பம் ஏறும். அவ்வப்போது கிளறி விடுவர். ஒன்றரை மாதம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இலை கறுத்து, கசப்பு நீங்கி, மென்மையாகிவிடும். இருப்பிடத்தின் செல்வாக்கு இவ்விரண்டின் மீதும் உண்டு. எனினும் வாழ்நாள் முழுவதும் இருப்பிடத்தையே நம்பியிருப்பது ஷெங் வகைதான்.

இலைக்குள் நிகழ்வது என்ன?

நம் வீட்டுப் புளியை எண்ணிப் பாருங்கள். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். ஓராண்டு கழிந்தால் கறுக்கும், சுவையும் மாறும். பானையில் உப்பிட்டுச் சரியாக அடைத்து வைத்தால் பழம்புளியாகும், ஈரம்பட்டால் புழுத்துப்போகும். இரண்டும் ஒரே மரத்துப் புளிதான். வேறுபாடு வைத்த விதத்தில் உள்ளது.

தேயிலையின் கசப்புக்கும் துவர்ப்புக்கும் பெரிதும் காரணம், அதிலுள்ள பாலிஃபீனால் என்னும் பொருள்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் நுண்ணுயிர்களின் செயலாலும் அவை நாளடைவில் சிதைந்து, பழுப்பு நிறப் பொருள்களாக மாறுகின்றன. கசப்பு தணிகிறது, சாயம் மஞ்சளிலிருந்து பொன்னிறம், செம்பழுப்பு என்று ஆழ்ந்து கொண்டே போகிறது. பழந்தேயிலைக்கே உரிய கட்டை மணமும் பழமை மணமும் நுண்ணுயிர்களின் வேலையால் விளைபவை.

இம்மாற்றத்தின் வேகத்தை நிர்ணயிப்பவை முக்கியமாக இரண்டு: காற்றின் ஈரம், வெப்பம். ஈரம் மிகக் குறைந்தால் நுண்ணுயிர்கள் உறங்கிவிடும். இலை அப்படியே நின்றுவிடும். ஈரம் மிகுந்து நெடுநாள் நீடித்தால் பூஞ்சணம் பெருகும். வெப்பம் உயர்ந்தால் எல்லாம் விரைவாக நடக்கும். இறுக்கமாக அழுத்திய வில்லைக்குள் ஈரமும் காற்றும் மெதுவாகவே புகும். தளர்ந்த வில்லையோ, உதிரி இலையோ விரைந்து மாறும்.

இங்கு நம் வாசகர்கள் சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். 'நொதித்த தேநீர் என்கிறார்களே, அதில் போதை உண்டோ?' என்பதே அது. கள்ளிலும் மதுவிலும் நிகழ்வது சர்க்கரை சாராயமாக மாறும் நொதித்தல். தேயிலையில் நிகழ்வது அதுவன்று. காற்றோட்டத்தில் பூஞ்சைகளும் பிற நுண்ணுயிர்களும் இலையின் பொருள்களை மாற்றுகின்றன. இந்தத் தேநீர் போதை தருவதில்லை. மற்றத் தேநீரில் உள்ள கஃபீன் இதிலும் உண்டு, அவ்வளவே. நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. அதைப் பின்னர்க் காண்போம்.

ஒரே வில்லை, மூன்று ஊர்கள்

மெங்ஹாய் தொழிற்கூடத்தின் 7542 என்னும் வில்லை பூஅர் பிரியர்கள் அனைவரும் அறிந்தது. இந்த எண்ணுக்கும் பொருள் உண்டு. 75 என்பது கலவை முறை வகுக்கப்பட்ட 1975-ஆம் ஆண்டு. 4 என்பது இலையின் தரம். 2 என்பது மெங்ஹாய் தொழிற்கூடத்தின் எண். ஒரே நாளில் அழுத்தப்பட்ட மூன்று 7542 வில்லைகள் மூன்று ஊர்களுக்குப் போயின என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது குன்மிங்கிலேயே தங்கிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரைச் சீனர் 'வசந்த நகரம்' என்பர். கோடையும் மிதம், குளிரும் மிதம், குளிர்காலக் காற்று வறண்டது. அங்கு வைத்த வில்லை பதினைந்து ஆண்டு கழிந்தும் இளமை மாறாமல் இருக்கும். இலையில் மினுமினுப்பு, சாயம் பொன்னிறம், தேனும் உலர்ந்த பழமும் கலந்தாற்போன்ற நறுமணம். ஆனால் துவர்ப்பு இன்னும் நாக்கைப் பிடிக்கும். தூய்மையான சுவை, முதிராத சுவை.

இரண்டாவது ஹாங்காங்குக்குப் போகிறது. அங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 78 சதவீதம் அளவில் இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுவரே வியர்க்கும். அங்குள்ள பழைய முறைக் கிடங்கில் இருந்து வெளிவந்த வில்லை கருத்திருக்கும். மேலே சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். சாயம் செந்தேக்கின் நிறம். வாயில் கசப்பே இராது, வழுவழுவென்று இறங்கும். மணத்தில் பழங்கட்டை, கற்பூரம், மழை நனைத்த மண், நெடுநாள் பூட்டியிருந்த அறை எல்லாம் கலந்திருக்கும். இதையே தேடி வாங்குவோர் உண்டு. முகர்ந்த உடனே விலகுவோரும் உண்டு.

மூன்றாவது கோலாலம்பூருக்குப் பயணமாகிறது. அங்குக் குளிர்காலம் என்பதே இல்லை. ஆண்டு முழுவதும் 27, 28 பாகை வெப்பம், ஈரமும் மிகுதி. நல்ல காற்றோட்டமுள்ள மேல்மாடியில் வைத்த வில்லை விரைவாகவே முதிரும். எனினும் நிலவறை வாடை ஏறாது. குன்மிங் வில்லையைவிட ஆழ்ந்த நிறம், ஹாங்காங் வில்லையைவிடத் தெளிந்த மணம் என்று இடைப்பட்ட சுவை. பழந்தேயிலை மலேசிய மண்ணுக்குப் புதிதன்று. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் குடித்த லியூபாவ் என்னும் குவாங்ஷி மாநிலத் தேயிலை அங்கே தலைமுறைகளாகச் சேமிக்கப்பட்டு வந்தது.

பார்த்தீர்களா? பிறப்பு ஒன்று; வயது ஒன்று; சுவை மூன்று.

கிடங்குக்குள் ஒரு கலை

ஹாங்காங்கின் ஈரக் கிடங்கு கவனக்குறைவால் தோன்றியதன்று. அது திட்டமிட்ட தொழில்முறை. அந்நகரின் சிற்றுண்டிச் சாலைகளில் காலையில் 'போலே' என்னும் பெயரில் இத்தேநீர் ஆறாகப் பெருகும். மலிவாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். கசப்பான புதுத் தேயிலையை அங்கு விற்க முடியாது. இருபது ஆண்டு காத்திருக்கவும் வணிகத்தால் இயலாது. எனவே நிலவறைகளிலும் காற்றோட்டம் குறைந்த கிடங்குகளிலும் மூட்டைகளை அடுக்கினர். எந்த மூட்டையில் சூடு ஏறுகிறது, எது அளவுக்கு மீறி நனைகிறது என்று கிடங்குக்காரர் கவனித்துக்கொண்டே இருப்பார். மேலிருப்பதைக் கீழும், கீழிருப்பதை மேலும் மாற்றுவார். உரிய பதம் வந்ததும் உலர்ந்த கிடங்குக்கு மாற்றி, வாடை அடங்கும்வரை ஆறவிடுவார். ஆறவிடும் இந்த இரண்டாம் கட்டத்தில் அவசரப்பட்டவரின் சரக்கை முதல் மிடற்றிலேயே அறிந்துவிடலாம்.

அதே ஹாங்காங்கில் மாறான முயற்சியும் நடந்தது. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட 7542 வில்லைகளில் ஒரு தொகுதியை வாங்கிய வணிகர் ஒருவர், ஈரக் கிடங்குக்கு அனுப்பாமல் உலர்ந்த இடத்தில் வைத்துக் காத்திருந்தார். '88 சிங்' என்னும் பெயரில் அது பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. ஊரின் காற்று மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. வைப்பவரின் எண்ணமும் பொறுமையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

வயதை விற்கும் வணிகம்

பழமைக்கு விலை உண்டென்றால் போலிப் பழமையும் சந்தைக்கு வந்துவிடும் அல்லவா? புதிய வில்லையின் மீது ஈரத்தை ஏற்றிச் சில மாதங்களில் கருக்கச் செய்து, பழைய தோற்றமுள்ள தாளில் சுற்றி, முப்பது ஆண்டுச் சரக்கு என்று விற்போர் உண்டு. பேராசையும் இதற்குத் துணை நின்றது. 2007-ஆம் ஆண்டுக்கு முந்திய சில ஆண்டுகளில் பூஅர் விலை பன்மடங்கு ஏறியது. குடிப்பதற்கன்றி, விலையேறும் என்று வாங்கிக் குவித்தனர். அவ்வாண்டே விலை சரிந்தது. கடன்பட்டு வாங்கிய வணிகர்களும், அந்த விலையை நம்பியிருந்த மலைவாழ் உழவர்களும் நட்டமடைந்தனர்.

இங்கே நமக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். அப்படியாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள். மழையில் நனைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை, மறைத்ததே குற்றம். ஈரக் கிடங்கில் முதிர்ந்த தேயிலையை ஈரக் கிடங்கினது என்று சொல்லி விற்பவர் நேர்மையான வணிகர். விரும்புபவர் வாங்குவார், விரும்பாதவர் விலகுவார். அதையே உலர்கிடங்கினது என்றும், உள்ளதைவிட மூத்தது என்றும் சொல்லி விற்பவர், நனைந்த தானியத்தைக் குவியலுக்கடியில் வைத்தவரே. தேயிலையானாலும் தானியமானாலும், தேனானாலும் அத்தரானாலும், தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் நம் சமுதாயம் மறக்கக்கூடாத பாடம் இது.

வாங்குபவர் கவனிக்க

விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆண்டு அழுத்தியது? இதுவரை எந்தெந்த ஊர்களில் இருந்தது? அங்கே எவ்வாறு வைக்கப்பட்டது? ஆண்டை மட்டும் உரக்கச் சொல்லி மற்ற இரண்டுக்கும் மழுப்புபவரிடம் முழு வில்லை வாங்க வேண்டாம். சிறிதளவு வாங்கிக் குடித்துப் பாருங்கள். முதலில் ஊற்றிய வெந்நீரை உடனே கொட்டிவிட்டு, இரண்டாவது நீரைப் பருகுவதே வழக்கம். ஊறிய இலையையும் விரலால் விரித்துப் பாருங்கள். நன்கு முதிர்ந்த ஷெங் இலை மிருதுவாக விரியும். கருகியதுபோல் இறுகி விரிய மறுக்கும் இலைகள் மிகுதியாக இருந்தால், அளவுக்கு மீறிய ஈரம் கண்டது என்று கருதலாம்.

முன்னர்ச் சொன்ன கவலைக்கு வருவோம். வில்லையில் பஞ்சுபோல் எழுந்த பச்சை, கறுப்பு, மஞ்சள் பூஞ்சணம் கண்டால், விலை எவ்வளவாயினும் எறிந்துவிடுங்கள். சுரண்டிவிட்டுக் குடிக்கலாம் என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை நாம் உண்பதில்லை. சிலவகைப் பூஞ்சணம் நச்சுப்பொருளை உண்டாக்கும். கொதிநீர் அதனைப் போக்கிவிடாது. அனுமதிக்கப்பட்டதாகவும் தூயதாகவும் உள்ளதை உண்ணுமாறு நமது மார்க்கம் கூறுகிறது. முதல் நிபந்தனை நிறைவேறியதனால் இரண்டாவதை மறந்துவிடலாகாது. கொழுப்பைக் கரைக்கும், நோய் தீர்க்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்வோரையும் நம்ப வேண்டாம். இது தேநீர், மருந்தன்று.

நம் வீட்டில் வைப்பதானால்

நம் கடலோர ஊர்களின் காற்று ஈரம் மிக்கது. ஆகவே கூடுதலாக ஈரமேற்றும் தேவை நமக்கில்லை. மிகாமல் காப்பதே வேலை. காற்றின் ஈரம் 60 முதல் 70 சதவீதம் வரை இருக்குமிடம் ஏற்றது என்பது இதில் பழகியோர் பலரது கருத்து. ஈரத்தைக் காட்டும் சிறு கருவியொன்று இருந்தால் நலம். சுற்றுத்தாளை நீக்காமல், வாடையற்ற அட்டைப் பெட்டியிலோ மண்பானையிலோ வையுங்கள். தரையையும் சுவரையும் தொடாமல் உயரத்தில் இருக்கட்டும். வெயில் படலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒருமுறை எடுத்து முகர்ந்து பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இதற்குப் பகை. எடுக்கும்போதெல்லாம் வில்லை வியர்க்கும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. தேயிலையைப் போல் அண்டை மணத்தை ஈர்த்துக்கொள்ளும் பொருள் அரிது. அத்தர் வைத்த அலமாரியும், சாம்பிராணி புகையும் அறையும், ஏலமும் பட்டையும் இருக்கும் மசாலா அறையும், சோப்பு அடுக்கிய மாடமும் அதற்கு ஆகா. ஊதின் நறுமணம் நமக்கு எவ்வளவு இனியதாயினும், ஓராண்டு அதனருகே இருந்த தேயிலையில் பிறகு தேயிலை மணத்தைத் தேட வேண்டியிருக்கும். ஷெங் வகையையும் ஷோ வகையையும்கூடத் தனித்தனியே வையுங்கள்.

உறவினர் தந்த அந்த வில்லையை இனி முகம் சுளித்து மூலையில் போட்டுவிட மாட்டீர்கள் என்று நம்புகிறோம். வயது எவ்வளவு என்று அவரிடம் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். மலையில் பிறந்த ஒரே இலை, இருந்த இடத்துக்கேற்ப நறுமணமாகவோ நாற்றமாகவோ மாறுகிறது. யாருடன் எங்கே பழகுகிறான் என்று பிள்ளையைப் பற்றிக் கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய பாடமன்று. சுற்றத்தின் வாசம் இலையிலும் ஏறும், மனிதரிலும் ஏறும். நல்லதைத் தேர்ந்து, நல்ல இடத்தில் வைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி வாழும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!